மீன் சுவடு கிடைத்தால் பெயரைக் கடைசியில் வையுங்கள்

கிணறு வெட்டுகிற இடத்திலிருந்தோ கல்லுடைக்கிற இடத்திலிருந்தோ யாராவது தொலைபேசியில் அழைப்பார்கள். "சேர், கல்லுக்குள் ஒரு மீன் கிடக்கிறது." தொடாமல் வையுங்கள், வருகிறேன் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும்: "புது இனமென்றால் என்ன பெயர் வைக்கலாம்?" பெயர் வைப்பது அரை நாள் வேலை. அதற்கு முன்னால் ஓராண்டு வேலை இருக்கிறது. அந்த ஓராண்டைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். மீனை வெட்டிக் கறிவைக்கத் தெரிந்த, பாடசாலையில் விலங்கியல் படித்த, ஆனால் உயிர்ச்சுவடு எதையும் விவரித்துப் பழகாத ஒருவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

நிலத்தைப் பார்த்து நம்புங்கள்

வன்னியின் பெரும்பகுதியில் மீன் சுவடு தேடுவது வீண் அலைச்சல். வவுனியாவிலும் முல்லைத்தீவின் உட்புறத்திலும் நாம் காணும் பாறை பூமியின் ஆழத்தில் வெந்து நசுங்கி உருமாறியது. புவியியலாளர்கள் அதை 'வன்னித் தொகுதி' என்றே அழைக்கிறார்கள். மீன்கள் தோன்றுவதற்கு முந்திய பாறை அது. அப்படிப்பட்ட கல்லில் பன்னம் இலை போலவோ மீன் முள் போலவோ ஏதாவது தெரிந்தால், பெரும்பாலும் வெடிப்புக்குள் மங்கனீசு படிந்து கிளைவிட்ட கறையாக இருக்கும். ஊசியால் சுரண்டினால் தூளாக வரும். அடியில் எலும்பு இருக்காது.

நம்பிக்கை வைக்க வேண்டியது மேற்கிலும் வடக்கிலும். மன்னார் பெருநிலப்பரப்பிலிருந்து பூநகரி வழியாக யாழ்ப்பாணம் வரை நிலத்தடியில் கிடக்கும் சுண்ணக்கல் மயோசீன் காலத்தது. அந்தக் காலம் சுமார் 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலில் படிந்த கல். இத்தகைய கல்லில் முழு மீன் அகப்படுவது அபூர்வம். சுறாப் பல், திருக்கையின் பல்தட்டு, முட்பேத்தையின் தாடைத்தட்டு, தனி முள்ளெலும்பு, செவிக்கல் (மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கல்) ஆகியவைதான் வழக்கமாக எதிர்பார்க்கக்கூடியவை. அவற்றை அற்பமாக நினைக்காதீர்கள். செவிக்கல் ஒன்றை மட்டும் வைத்தே மீனின் குடும்பத்தைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு பொறி குளத்துச் சேறு. கோடையில் குளம் வற்றினால் அடிச்சேற்றிலிருந்து கறுத்துப்போன மீனெலும்பு வரும். பழையது போலத்தான் இருக்கும். பெரும்பாலும் அது திலாப்பியா, நம்மவர்கள் பலர் யப்பான் மீன் என்று சொல்வது. அந்த மீன் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டதே 1952-இல்தான்.

தேடப் போவதற்கு முன் ஒரு வார்த்தை. சிவப்புப் பலகையில் மண்டையோடு வரைந்திருந்தால் அந்தப் பக்கம் காலெடுத்து வைக்காதீர்கள். மிதிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்படாத நிலத்தில் எந்தச் சுவடும் உங்கள் காலுக்கு ஈடாகாது. காணிக்காரரின் சம்மதத்தையும், காடோ சரணாலயமோ என்றால் உரிய திணைக்களத்தின் எழுத்து மூல அனுமதியையும் பெற்றுக்கொண்டே போங்கள். புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள். நீங்கள் நிற்கும் இடம் எந்தப் பாறை என்பது அதில் நிறத்தில் தெரியும்.

எழுதிவிட்டுத் தொடுங்கள்

எங்கே, எந்த ஆழத்தில், எந்தப் படையிலிருந்து வந்தது என்று தெரியாத சுவடு மேசை அலங்காரத்துக்குத்தான் உதவும். விஞ்ஞானத்துக்கு அதன் பயன் மிகக் குறைவு. எனவே கல்லை அசைப்பதற்கு முன்பே படம் எடுங்கள். பக்கத்தில் அளவுகோல் வையுங்கள். ஜிபிஎஸ் எண், தரையிலிருந்து ஆழம், மேலும் கீழும் இருக்கும் படைகளின் நிறம், கல்லின் எந்தப் பக்கம் மேலே இருந்தது ஆகியவற்றை அங்கேயே நின்று எழுதுங்கள். கிணற்றில் கிடைத்ததென்றால் வெட்டியவரையே கேளுங்கள். எந்த முழத்தில் மண்வெட்டி கல்லில் இடித்தது என்பது அவருக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று விட்டால் இரண்டு ஆழங்கள் ஒன்றாகக் கலந்துவிடும்.

மீன் இருக்கும் பலகை பிளந்தால் இரண்டு பாதி கிடைக்கும். இரண்டையும் எடுக்க வேண்டும். ஒன்றில் எலும்பும் மற்றதில் அதன் அச்சும் இருக்கும். சில எலும்புகள் அந்தப் பாதியோடு போயிருக்கும். அழகான பாதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வரப்பில் எறிந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். கூடவே அதே படையிலிருந்து ஒரு கிலோ அளவு கல்லோ மண்ணோ தனிப் பையில் போடுங்கள். அதிலுள்ள கண்ணுக்குத் தெரியாத கடல் ஓட்டுயிரிகளை வைத்துத்தான் பின்னால் வயது சொல்லப்படும்.

சீட்டை இரண்டாக எழுதுங்கள். ஒன்று பையின் உள்ளே, ஒன்று வெளியே. பென்சிலால் எழுதுங்கள்; மை ஈரத்தில் ஊறும். நான் தொடங்கிய காலத்தில் கடதாசிச் சீட்டோடு ஒரு பெட்டிச் சுறாப்பல்லைத் தாழ்வாரத்தில் வைத்திருந்தேன். மாரி முடிந்து திறந்தபோது பற்கள் எல்லாம் இருந்தன, சீட்டைக் கறையான் தின்றிருந்தது. அந்தப் பற்களைப் பிள்ளைகளுக்குக் காட்டத்தான் இன்று பயன்படுத்துகிறேன். எந்தக் கட்டுரையிலும் சேர்க்க முடியவில்லை.

சுத்தம் செய்வதில் பொறுமை

உளியும் சுத்தியலும் கல்லை வெளியே எடுப்பதற்கு மட்டும். மீனுக்குக் கிட்ட வந்தபின் ஊசி, மென்தூரிகை, கைவில்லை. முடிந்தால் நுணுக்குக்காட்டியின் கீழ். உடையும் எலும்பைப் பிடித்து நிறுத்தப் பரலொயிட் பி-72 என்னும் பிசினை அசற்றோனில் கரைத்துப் பூசுவார்கள். தேவைப்பட்டால் திரும்பக் கரைத்து எடுக்கலாம் என்பதே அதன் பெருமை. கடையில் விற்கும் உடனடிப் பசையும் மர வார்னிசும் வேண்டவே வேண்டாம்.

சுண்ணக்கல்லை மென்மையான அசற்றிக் அமிலத்தில், அதாவது வினாகிரியின் புளிப்பைத் தரும் அமிலத்தில், கரைத்து எலும்பை வெளியே எடுக்கும் முறை ஒன்று உண்டு. கல் காபனேற்று, எலும்பு பொசுபேற்று. முதலாவது கரையும், இரண்டாவது பெரும்பாலும் நிற்கும். கேட்க இலகுவாக இருக்கும். ஆனால் செவிக்கல்லும் சிப்பியும் காபனேற்றுத்தான், அவையும் சேர்ந்து கரைந்துவிடும். அமிலத்திலிருந்து எடுத்த துண்டை நாட்கணக்கில் நல்ல தண்ணீரில் ஊறவைத்து அலசாவிட்டால் உள்ளே தங்கிய உப்பு உலரும்போது எலும்பைப் பிளக்கும். புதியவர்களுக்கு என் ஆலோசனை: முதல் மீனில் அமிலத்தைத் தொடாதீர்கள். கள்ள நோட்டுப் பார்க்கும் கழியூதாக்கதிர் விளக்கு ஒன்று வாங்குங்கள். இருட்டில் பிடித்தால் பல சுவடுகளில் எலும்பு ஒளிரும், கல் மங்கலாக நிற்கும். எங்கே எலும்பு முடிகிறது என்பதை ஒரு துளி அமிலமுமின்றிப் பார்த்துவிடலாம்.

சந்தைக்குப் போங்கள்

கல்லில் இருப்பதைப் படிக்க வேண்டுமானால் கல்லில் இல்லாத மீனைப் படித்திருக்க வேண்டும். காலையில் சந்தைக்குப் போய் மூன்று மீன் வாங்குங்கள்: ஒரு சூடை, ஒரு பாரை, ஒரு ஓரா. கொதிநீரில் சிறிது நேரம் வேகவைத்து, சதையைத் தூரிகையால் கழற்றி, எலும்பை வெள்ளைத் துணியில் வரிசையாகப் பரப்புங்கள். வீட்டில் திட்டு விழும். மிச்சச் சதையைச் சொதியில் போட்டுச் சமாதானம் செய்யலாம்.

ஓராவை நிதானமாகப் பாருங்கள். முள் குத்தினால் கடுக்கும் என்பது கரையோரத்தில் எல்லோருக்கும் தெரியும். வெந்தபின்னும் விரலைக் காத்துக்கொள்ளுங்கள். முதுகுச் செட்டையில் 13 முள், அதன் பின் 10 மென்கதிர். குதச் செட்டையில் 7 முள், 9 மென்கதிர். முதுகுச் செட்டைக்கு முன்னால் தோலுக்குள் முன்நோக்கிப் படுத்திருக்கும் ஒரு சிறு முள். இப்போது இடுப்புச் செட்டை. வழக்கமாக முள்ளுள்ள மீன்களில் வெளிப்புறம் ஒரு முள்ளும் உள்ளே ஐந்து மென்கதிர்களும் இருக்கும். ஓராவில் இரு ஓரங்களிலும் ஒவ்வொரு முள், நடுவே மூன்று மென்கதிர். இன்றைய மீன்களில் இந்த அமைப்பு ஓராக் குடும்பத்துக்கே உரியது. கல்லில் இடுப்புச் செட்டை ஒன்று மட்டும் மிஞ்சி, அதில் இந்த வரிசை இருந்தால், தலை இல்லாவிட்டாலும் குடும்பம் தெரிந்துவிடும்.

முள்ளையும் மென்கதிரையும் எப்படிப் பிரிப்பது? மென்கதிரைக் கைவில்லையில் பாருங்கள். கரும்பு போலக் கணுக்கணுவாக இருக்கும், நுனியில் கிளைவிடும், நெடுக்காக இரண்டு பாதிகள் சேர்ந்த ஒன்றாக இருக்கும். உண்மையான முள் கணுவில்லாத ஒற்றைத் துண்டு. இதை மனத்தில் வைத்துக்கொண்டு கெளிறைப் பாருங்கள். கெளிறின் முதுகு முள்ளும் நெஞ்சு முள்ளும் கையைக் கிழிக்கும். ஆனால் அவை மென்கதிரின் பாதிகள் இறுகி ஒட்டிக்கொண்டவை. பெயரளவில் முள், பிறப்பில் கதிர். இந்த வித்தியாசத்தைக் காணாமல் கெளிற்றுச் சுவடு ஒன்றைப் பாரைப் பக்கம் சேர்ப்பது மிக இலகு.

எண்ணுங்கள், வரையுங்கள்

உங்கள் கையில் இருப்பது விரல் நீளமான, பக்கவாட்டில் நசுங்கிய முழு மீன் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அளவுகள்: மூக்கு நுனியிலிருந்து வாற்செட்டையின் அடிவரை உள்ள நீளம், உடலின் அதிகபட்ச உயரம், தலை நீளம், கண்குழியின் விட்டம், ஒவ்வொரு செட்டையும் தொடங்கும் இடம். வாலின் நுனி பெரும்பாலும் முறிந்திருக்கும் என்பதால்தான் நீளத்தை வாலடியோடு நிறுத்துகிறோம். மற்ற அளவுகளை அந்த நீளத்தின் வீதமாகவும் எழுதுங்கள். இல்லாவிட்டால் சிறிய மீனையும் பெரிய மீனையும் ஒப்பிட முடியாது.

பிறகு எண்ணிக்கை. முள்ளெலும்புகளை வாலிலிருந்து முன்னோக்கி எண்ணுவது என் பழக்கம். பின்பக்கம் தெளிவாகத் தெரியும். கீழே நீண்ட முள் தொங்குபவை வாற்பகுதிக்கு உரியவை, விலாவெலும்பு தாங்குபவை வயிற்றுப் பகுதிக்கு உரியவை. இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். முன்னால் சில பூமூடி எலும்பின், அதாவது செவுளை மூடும் எலும்பின், அடியில் மறைந்திருக்கும். மறைந்ததை ஊகித்துச் சேர்க்காமல் 'குறைந்தது 22' என்று எழுதுங்கள். துணியில் பரப்பிய மீன்களோடு இந்த எண்ணிக்கையை ஒப்பிட்டாலே பாதி வழி தெரியும்: சூடையில் 40-க்கு மேல், பாரைகள் பலவற்றில் 24, ஓராவில் 23.

மூன்று பேர் மூன்று நாட்களில் தனித்தனியாக எண்ண வேண்டும். நான் ஒரு செட்டையில் காலையில் 11 கதிரும் மாலையில் 12 கதிரும் எண்ணியிருக்கிறேன். காலையில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழுந்தது, முதல் கதிர் நிழலுக்குள் போய்விட்டது.

படம் எடுத்தாலும் கையால் வரையுங்கள். வரையும்போதுதான் எந்த எலும்பின் ஓரம் உண்மையில் தெரிகிறது, எதைக் கண் இட்டுநிரப்புகிறது என்று பிடிபடும். தெரியும் ஓரத்துக்கு முழுக்கோடு, ஊகத்துக்குப் புள்ளிக்கோடு. ஓவியத் திறமை அவசியமில்லை. 1938 டிசம்பரில் தென்னாபிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் நகர அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாக இருந்த மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் விசித்திரமான மீன் ஒன்றைப் படகுத்துறையில் கண்டு, அவசரமாக ஒரு கிறுக்கல் படம் வரைந்து மீனியலாளர் ஜே. எல். பி. ஸ்மித்துக்கு அஞ்சலில் அனுப்பினார். டைனோசர் காலத்தோடு அழிந்துபோனதாக எண்ணப்பட்ட சீலகாந்து மீன் அது என்பதை ஸ்மித் அந்தக் கிறுக்கலிலிருந்தே ஊகித்தார். மறு ஆண்டு அவர் வைத்த பெயர் லாட்டிமேரியா.

விவரிப்பு வேறு, குறி வேறு

கட்டுரையில் இரண்டு பகுதிகளைப் புதியவர்கள் குழப்பிக்கொள்வார்கள். விவரிப்பு என்பது மீனில் தெரியும் எல்லாவற்றையும் தலையிலிருந்து வால்வரை எழுதுவது. குறித்தொகுப்பு என்பது இந்த மீனை மற்ற மீன்களிலிருந்து பிரிக்கும் சில அடையாளங்களை மட்டும் எழுதுவது. மாடு தொலைந்தால் ஊரில் எப்படிச் சொல்வோம்? நாலு கால், ஒரு வால் என்றா சொல்வோம்? இடக்கொம்பு முறிந்தது, பின்தொடையில் இன்னாருடைய குறி சுட்டிருக்கிறது என்போம். குறித்தொகுப்பை அப்படி எழுத வேண்டும். ஆறேழு வரி போதும். 'செட்டைகளும் செதில்களும் உடையது' என்று தொடங்கும் குறித்தொகுப்பைக் கண்டால் நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

பட்டியில் சேர்த்தல்

வகைப்படுத்தலுக்கும் மாட்டுக்குறியே உதவும். ஒரே குறி சுட்ட மாடுகள் ஒரே பட்டியைச் சேர்ந்தவை. எல்லா மாட்டுக்கும் கொம்பு இருப்பதால் கொம்பை வைத்துப் பட்டி பிரிக்க முடியாது. ஜெர்மானியரான வில்லி ஹென்னிக் 1950-இல் வெளியிட்ட நூலில் வகுத்த முறையின் சாரம் இதுதான்: புதிதாகத் தோன்றி, ஒரு கூட்டத்தால் பகிரப்படும் இயல்புதான் உறவைக் காட்டும். பழைய பொது இயல்பும், ஓர் இயல்பு முதலிலிருந்தே இல்லாமையும் உறவுக்குச் சாட்சி ஆகா. சூடைக்கும் கெளிறுக்கும் உண்மையான செட்டை முள் இல்லை என்பதால் அவை நெருங்கிய சொந்தம் என்று சொல்லக்கூடாது.

செய்முறை ஒரு கொப்பித்தாளில் தொடங்கும். மேலே இயல்புகள், பக்கத்தில் மீன்கள். முதுகுச் செட்டையில் உண்மையான முள் உண்டா? இடுப்புச் செட்டை வயிற்றின் நடுவிலா, நெஞ்சுக்குக் கீழா? வயிற்று விளிம்பில் வாள் பல் போலச் செதில் வரிசை உண்டா? சூடையின் வயிற்றை வாலிலிருந்து தலைப்பக்கம் தடவினால் அந்த வரிசை விரலில் உரசும். பாரைக்கு அப்படியான கேடயச் செதில் பக்கக்கோட்டின் பின்பகுதியில், வாலடிக்கு முன் இருக்கும். இரண்டும் ஒன்றல்ல, இரண்டு நிரலாகப் போடுங்கள். உண்டு என்றால் 1, இல்லை என்றால் 0, கல்லில் தெரியவில்லை என்றால் கேள்விக்குறி. 'இல்லை' என்பதும் 'தெரியவில்லை' என்பதும் வேறு வேறு. செதில் உதிர்ந்துபோன மீனுக்குச் செதில் இல்லை என்று 0 போட்டுவிட்டால் உறவு மரத்தில் மீன் போய் நிற்கும் கிளையே மாறிவிடும்.

உண்மையான வேலையில் இயல்புகள் நூற்றைத் தாண்டும். இதற்கென இலவசமாகக் கிடைக்கும் டி.என்.டி. போன்ற மென்பொருள் மிகக் குறைந்த மாற்றங்களோடு அமையும் மரத்தைத் தேடித் தரும். அது தருவது ஒரு கருதுகோள் மட்டுமே. இரண்டு இயல்புகளை நீக்கிப் பார்த்தால் மரம் சரிகிறதா என்றும் பாருங்கள்.

புதியதுதானா?

இங்கே அவசரப்பட்டுத்தான் பலர் தவறுகிறார்கள். குஞ்சும் பெரிய மீனும் ஒரே இனமானாலும் உடல் விகிதம் மாறும். நசுங்கிய மீன் உயரம் கூடித் தெரியும். ஒரேயொரு கதிர் வித்தியாசம் எந்த இனத்துக்குள்ளும் இருக்கலாம். இன்று வாழும் உறவு மீன்களோடு மட்டுமன்றி, சுவடாகக் கிடைத்த உறவுகளோடும் ஒப்பிட வேண்டும். ஓரா போன்ற ஒன்று கிடைத்தால், இத்தாலியின் பொல்காவில் சுமார் 5 கோடி ஆண்டு பழைய கல்லில் கிடைத்த ஓராக் குடும்பத்து மீன்களின் விவரிப்புகளைப் படிக்காமல் வாய் திறக்கக்கூடாது. இலங்கைச் சுவடுகளுக்கு, தேசிய அருங்காட்சியகம் 1903 முதல் வெளியிட்ட 'ஸ்போலியா செய்லானிக்கா' இதழில் பி. இ. பி. தெரணியகல எழுதியவற்றிலிருந்து தொடங்குங்கள்.

ஒப்பிட்டபின் 'இந்தக் குடும்பம், சாதி தீர்மானிக்கப்படவில்லை' என்றுதான் எழுத முடிகிறதா? (சாதி என்பது குடும்பத்துக்குக் கீழே, இனத்துக்கு மேலே உள்ள படி.) அப்படியே எழுதுங்கள். அதிலே வெட்கம் இல்லை. தனிப் பல்லுக்கும் அரை வாலுக்கும் புதுப்பெயர் வைத்து, பின்னால் வருகிறவர்கள் முப்பது ஆண்டு அந்தச் சிக்கலை அவிழ்ப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இப்போது பெயர்

புதியதுதான் என்று வேறு இரு நிபுணர்களும் ஒத்துக்கொண்டால், சர்வதேச விலங்கியல் பெயரிடல் சட்டக்கோவையின்படி நடக்க வேண்டும். இப்போது நடைமுறையில் இருப்பது 1999-இல் வெளியான நான்காம் பதிப்பு. பெயர் இலத்தீன் எழுத்தில் இருக்க வேண்டும். புதிய சாதி, புதிய இனம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பிரித்தறியும் இயல்புகள் சொற்களில் இருக்க வேண்டும். படம் மட்டும் போதாது. பெயரைச் சுமக்கும் மூலமாதிரி எதுவென்று சுட்ட வேண்டும். சாதிப்பெயர் விலங்கு இராச்சியம் முழுவதிலும் வேறெதற்கும் வைக்கப்பட்டிருக்கக் கூடாது. ஒரு வண்டுக்கு ஏற்கனவே வைத்திருந்தால்கூட உங்கள் மீனுக்கு அது கிடையாது. இணையத்தில் மட்டும் வெளிவரும் இதழென்றால் விலங்குப் பெயர்களுக்கான சூபாங்க் இணையப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிந்து, அந்தப் பதிவைக் கட்டுரைக்குள்ளேயே காட்ட வேண்டும்.

இடப்பெயருக்கு '-என்சிஸ்' என்ற விகுதி, ஆணின் பெயருக்கு '-ஐ', பெண்ணின் பெயருக்கு '-ஏ'. தன் பெயரையே வைப்பதை விதி நேராகத் தடுக்கவில்லை. ஆனால் அநேகமாக எவரும் அப்படிச் செய்வதில்லை, நீங்களும் செய்யாதீர்கள். தமிழ்ச் சொல்லை இலத்தீன் எழுத்தில் எழுதிப் பெயராக்கலாம். கனடாவின் வடகோடித் தீவில் 2004-இல் கிடைத்து 2006-இல் வெளியான மீன் சுவடு ஒன்றின் 'டிக்டாலிக்' என்ற பெயர், அந்த ஊர் இனுவிட் மூத்தோர் தங்கள் மொழியிலிருந்து தந்தது. பெரிய நன்னீர் மீன் என்று பொருள். விரால், ஓரா, சூடை என்று நம்மிடம் சொல் பஞ்சமில்லை.

சட்டக்கோவை விவரிப்பு இன்ன மொழியில் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. தமிழில் எழுதினாலும் பெயர் செல்லும். பிற நாட்டு மீனியலாளர் படிக்க வேண்டும் என்பதால் ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் ஒரு சுருக்கம் சேர்ப்பது என் தெரிவு. இதழைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம், கட்டணம் மட்டும் அனுப்புங்கள் என்று மின்னஞ்சல் அனுப்புவோரை நம்பாதீர்கள்.

மூலமாதிரி உங்கள் அலுமாரியில் இருக்கக் கூடாது. பல்கலைக்கழகச் சேகரிப்பிலோ தேசிய அருங்காட்சியகத்திலோ ஒப்படைத்து, அவர்கள் தரும் பதிவு எண்ணைக் கட்டுரையில் போட வேண்டும். அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்புவதாக யாராவது ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள்.

ஒப்படைக்கும் முன் ஒரு வேலை மிச்சம் இருக்கும். உறுதியான துண்டென்றால், பராமரிப்பாளரைக் கேட்டுக்கொண்டு, சிலிக்கோன் இறப்பரில் அச்செடுத்துப் பிளாஸ்டர் வார்ப்பு இரண்டு செய்யுங்கள். எலும்பு ஆடினால் வேண்டாம், நல்ல படத்தை உண்மை அளவில் அச்சிட்டால் போதும். வார்ப்பின் முதுகில் இடம், ஆழம், மூலமாதிரியின் பதிவு எண் மூன்றையும் உலர்வதற்கு முன்பே கீறிவிடுங்கள். ஒன்று ஊர்ப் பாடசாலைக்கு. மற்றது கிணற்றுக்காரருக்கு.